கல்லூரிக் கோதாவில் சில விந்தைகள்

மற்போர் என்ற சொல்லைக் கேட்ட அளவில் நம் மனக்கண் முன் தோன்றுவது கல்லூரி அன்று. மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய கோதா, எண்ணெயும் புழுதியும் படிந்த உடல், ஆசானின் அதட்டல், சுற்றிலும் ஆரவாரிக்கும் திருவிழாக் கூட்டம் ஆகியவையே தோன்றும். பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு வந்து கோலாப்பூரிலும் தில்லியிலும் காசியிலும் வாழும் நம்மவர், விடியற்காலையில் அக்காடாக்களில் இளைஞர் தண்டால் எடுப்பதையும், கர்லாக்கட்டை சுழற்றுவதையும் கண்டிருப்பர். அங்கே ஏட்டுக்கும் எழுத்தாணிக்கும் இடம் ஏது என்றுகூட நினைத்திருப்பர்.

ஆயினும் கல்விக்கும் மற்போருக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் சுதந்திர இந்தியாவுக்கு முதல் தனிநபர்ப் பதக்கத்தைப் பெற்றுத் தந்த கே. டி. ஜாதவ், கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் பயின்றவர். அவரை அயல்நாட்டுக்கு அனுப்புவதற்காக அக்கல்லூரியின் முதல்வர் தமது வீட்டையே ஈடு வைத்துப் பணம் புரட்டிக் கொடுத்தார் என்பதை மராட்டிய நாட்டு மக்கள் இன்றும் நன்றியுடன் கூறுவர். நம் நாட்டில் அது அருமையாக நிகழ்ந்த ஒன்று. கடல் கடந்த அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ மற்போர் குடியிருப்பதே கல்லூரிகளில்தான். அந்நாட்டின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஆண்டுதோறும் நடத்திவரும் மற்போர்ப் பந்தயத்தின் வரலாற்றில் காணும் சில விந்தைகளைப் பற்றியே இன்று நாம் பேசப் போகிறோம்.

முதலில் ஒரு புதிர். அப்பந்தயத்தில் மல்லர்கள் உடல் எடைக்கு ஏற்பப் பத்து வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றனர். எடையை அங்கே ராத்தலில் கணக்கிடுவர். 1998ஆம் ஆண்டுக்குப் பின் வழக்கில் வந்த அவ்வகுப்புகளின் வரம்புகளை வரிசையாகச் சொல்கிறோம், கேளுங்கள். 125, 133, 141, 149, 157, 165, 174, 184, 197, இறுதியாக 285. இவ்வெண்களில் ஏதேனும் ஒழுங்கு தென்படுகிறதா? 130, 140, 150 என்று முழு எண்களாக வைத்தால் நினைவில் நிற்குமே! எந்தக் கணக்காயர் எந்தக் கணக்கைக் கொண்டு இவற்றைக் கண்டார்? இதற்கு விடை உண்டு. அது சிரிப்பூட்டும் விடை அன்று. ஏனைய விந்தைகளைச் சொல்லி முடித்துவிட்டு அவ்விடைக்கு வருவோம்.

இப்பந்தயம் முதன்முதலில் நடந்தது 1928ஆம் ஆண்டில்; நடந்த இடம் அயோவா மாநிலத்து ஏம்ஸ் நகரிலுள்ள அயோவா ஸ்டேட் கல்லூரி. இடையில் இரண்டே முறைதான் அது தடைப்பட்டது. இரண்டாம் உலகப் போர் காரணமாக 1943 முதல் 1945 வரை மூன்றாண்டுகள் நின்றது. அதன்பின் 2020ஆம் ஆண்டில் கொள்ளை நோய் காரணமாக ஓராண்டு நின்றது.

தொடக்க காலத்தில் இப்பந்தயத்தைத் தம் கைக்குள் வைத்திருந்தவர் எட்வர்ட் காலகர் என்னும் பயிற்சியாளர். 1916 முதல் 1940 வரை ஓக்லஹோமா வேளாண்மைக் கல்லூரியின் மல்லர்களுக்கு அவர் ஆசானாக விளங்கினார். அக்கல்லூரியே இன்று ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக் கழகம் எனப்படுகிறது. முதல் பதின்மூன்று பந்தயங்களுள் பதினொன்றில் அவருடைய குழு முதலிடம் பெற்றது. கல்லூரிகளுக்கு இடையே நடந்த மோதல்களில் அவர் கண்ட வெற்றி 138, தோல்வி 5, சமநிலை 4. இத்தகையவர் இளமையில் எத்துணைப் பெரிய பயில்வானாக இருந்திருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது அன்றோ? விந்தை இங்கேதான் இருக்கிறது. அவர் கல்லூரி நாட்களில் மல்லரே அல்லர். ஓட்டப் பந்தயத்திலும் அமெரிக்கக் கால்பந்திலும் பெயர் பெற்றவர், படித்ததோ பொறியியல். நெம்புகோல் ஒரு பாறையை எவ்வாறு புரட்டுகிறது என்று கற்றவர், மனிதனின் கையும் காலும் நெம்புகோலே என்று கண்டார். எந்தப் புள்ளியில் எத்திசையில் அழுத்தினால் எதிரியின் நிலை குலையும் என்று ஆராய்ந்து, நூற்றுக்கணக்கான பிடிகளை வகுத்தார். கோதாவுக்கு வெளியே நின்று பார்த்தமையால்தான் உள்ளே நின்றவர்க்குப் புலப்படாதது அவருக்குப் புலப்பட்டது போலும்!

அவருக்குப் பின் அதே கல்லூரிக்கு ஆசானாக வந்தவர் ஆர்ட் கிரிஃபித். மற்போரில் எதிரியின் தோள்பட்டை இரண்டையும் தரையில் அழுத்திவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். 'குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை' என்று தோற்றவனை நாம் எள்ளி நகையாடுகிறோம். மற்போர் விதிப்படி பார்த்தால், குப்புற விழுந்தவன் இன்னும் தோற்கவில்லை. முதுகில் மண் பட்டவனே தோற்றவன். ஆனால் இருவருள் ஒருவர் முதுகிலும் மண் படாமலே நேரம் முடிந்துவிட்டால் என் செய்வது? யார் எவ்வளவு நேரம் மேலோங்கிப் பிடித்திருந்தார் என்ற கணக்கையும் நடுவரின் தீர்ப்பையுமே முன்னர் நம்ப வேண்டியிருந்தது. பார்வையாளர்க்கோ யார் முந்துகிறார் என்பதே விளங்காது. கிரிஃபித்தான் ஒவ்வொரு செயலுக்கும் இத்தனை புள்ளி என்று ஒரு முறையை வகுத்தார். 1941இல் கல்லூரிச் சங்கம் அதை ஏற்றது. எதிரியை நின்ற நிலையிலிருந்து கீழே வீழ்த்தி அடக்கினால் இரண்டு புள்ளி என்னும் விதி நெடுங்காலம் நிலைத்து, 2023ஆம் ஆண்டில் மூன்று புள்ளியாக மாறியது.

போர் முடிந்த கையோடு வந்தது மற்றொரு விந்தை. 1947ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்ற கல்லூரி 'கார்னெல்' என்று காணப்படும். நியூயார்க் மாநிலத்தின் பெரும் புகழ் வாய்ந்த கார்னெல் பல்கலைக் கழகம் என்று பலரும் மயங்குவர். அது அன்று. அயோவா மாநிலத்தில் மவுண்ட் வெர்னன் என்னும் சிற்றூரில் உள்ள கார்னெல் கல்லூரி என்னும் சிறிய தனியார் கல்லூரிதான் அது. பெயர் ஒன்றாயினும் அது பல்கலைக் கழகத்தின் கிளையும் அன்று. அதற்கு இளையதும் அன்று. ஆண்டுக் கணக்கில் மூத்தது. பெரிய அரசுக் கல்லூரிகளை எல்லாம் பின்தள்ளி அச்சிறு கல்லூரி வாகை சூடியது. பெயரில் பங்காளியான பெரிய பல்கலைக் கழகமோ 2010, 2011, 2024 ஆகிய ஆண்டுகளில் இரண்டாமிடம் வரை வந்தது. 2025 வரை முதலிடம் அதற்குக் கிட்டவில்லை. மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

ஒரே மாணவர் நான்கு முறை சாம்பியன் ஆவது கூடுமா என்பது மல்லர் உலகில் நெடுநாள் பேசப்பட்ட வினா. கல்லூரிப் படிப்பு நான்காண்டு. முதலாண்டு மாணவர் கலந்துகொள்ளலாகாது என்ற விதி பெரும்பாலான காலம் இருந்தமையால், மூன்று முறைக்கு மேல் வெல்ல வழியே இல்லை. போருக்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அவ்விதி தளர்ந்திருந்தது. அப்போது டிக் ஹட்டன் என்னும் பெருவீரர் 1947, 1948, 1950 ஆகிய மூன்றாண்டுகளில் கனஎடை வகுப்பில் வென்றார். நடுவே ஓராண்டு விடுபட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 1949ஆம் ஆண்டின் இறுதிப் போட்டியில், மின்னசோட்டாவைச் சேர்ந்த வெர்ன் காக்னே அவரை வென்றுவிட்டார். அந்த ஒரு தோல்வியால் ஹட்டன் இழந்த பெருமையை வேறொருவர் அடைய 45 ஆண்டுகள் ஆயின. 1990, 1991, 1992, 1994 ஆகிய ஆண்டுகளில் வென்ற பாட் ஸ்மித்தான் நான்கு முறை வென்ற முதல் மாணவர். அவருக்குப் பின் வந்த கேல் சாண்டர்சன் நான்கு முறையும் வென்றதோடு, 1999 முதல் 2002 வரை ஆடிய 159 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. கைல் டேக் 2010 முதல் 2013 வரை ஆண்டுக்கொரு வகுப்பாக நான்கு வெவ்வேறு எடை வகுப்புகளில் வென்றார்.

நான்காண்டுப் படிப்பில் ஐந்து முறை வெல்வது எவ்வாறு? கேட்டால் நகைப்பிற்கு இடமான கேள்வி. அதுவும் நடந்தது. கொள்ளை நோயின் காரணமாக ஓராண்டை மாணவர் கணக்கில் சேர்ப்பதில்லை என்று சங்கம் சலுகை அளித்தது. அதனால் பென் ஸ்டேட் பல்கலைக் கழகத்தின் கார்ட்டர் ஸ்டாராச்சி 2021 முதல் 2025 வரை ஐந்தாண்டும் வென்றார். வரலாற்றில் ஐந்து முறை வென்ற முதல் மாணவர் அவரே. உலகுக்கே துன்பமாக வந்தது ஏட்டில் ஒரு விந்தையாகப் பதிந்துவிட்டது.

கல்லூரிக் கோதா அமெரிக்கருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஜப்பானிலிருந்து ஓக்லஹோமாவுக்குப் படிக்க வந்த யோஜிரோ உயேடாகே 1964, 1965, 1966 ஆகிய மூன்றாண்டுகளில் சாம்பியன் ஆனார். கல்லூரி ஆட்டங்களில் அவர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. முதல் வெற்றிக்கும் இரண்டாம் வெற்றிக்கும் இடையே டோக்கியோவுக்குச் சென்று, தம் தாய்நாட்டுக்காக ஒலிம்பிக் தங்கமும் பெற்றுத் திரும்பினார். 1968இல் மெக்சிகோவில் மறுபடியும் தங்கம் பெற்றார். பிற மண்ணில் பயின்று பிறந்த மண்ணுக்குப் புகழ் சேர்த்தவர் அவர். ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அவர் கதை சற்று நெருக்கமாகவே தோன்றும். அமெரிக்கருக்குள்ளேயே வாயில் அடைபட்டுக் கிடந்தவர்களும் இருந்தனர். கறுப்பின மாணவர் ஒருவர் இப்பந்தயத்தில் சாம்பியன் ஆவதற்கு 1957ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிட்ஸ்பர்க் நகரில் நடந்த அப்பந்தயத்தில் வென்று அவ்வாயிலைத் திறந்தவர் அயோவா பல்கலைக் கழகத்தின் சைமன் ராபர்ட்ஸ்.

இனி, இப்பந்தயத்தின் வரலாற்றிலேயே மிகவும் பேசப்படும் தோல்விக்கு வருவோம். வெற்றியை விடத் தோல்வி புகழ் பெறுவது உலகில் அரிது. அயோவா ஸ்டேட்டில் பயின்ற டான் கேபிள் என்னும் மாணவர் உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலுமாக 181 ஆட்டங்களில் தொடர்ந்து வென்றிருந்தார். 1970 மார்ச் மாதத்தில் எவன்ஸ்டன் நகரில் நடந்த இறுதிப் போட்டிதான் அவருடைய கல்லூரி வாழ்வின் கடைசி ஆட்டம். எதிரே நின்றவர் வாஷிங்டன் பல்கலைக் கழகத்தின் லாரி ஓவிங்ஸ். இவர் கேபிளை எதிர்க்க வேண்டும் என்பதற்காகவே, தமக்கு உரிய வகுப்பை விட்டு எடையைக் குறைத்துக்கொண்டு 142 ராத்தல் வகுப்புக்கு இறங்கி வந்தவர். அவ்வெண்ணத்தை வெளிப்படையாகவும் கூறியிருந்தார். ஆட்டம் முடிந்தபோது புள்ளிக் கணக்கு ஓவிங்ஸ் 13, கேபிள் 11. அரங்கு திகைத்து நின்றது.

இதன் பின் நிகழ்ந்தவை இரண்டு. தோற்ற கேபிள் துவளவில்லை. இரண்டாண்டு கழித்து மியூனிக் ஒலிம்பிக்கில் எதிரிகளுக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடாமல் தங்கம் வென்றார். பின்னர் அயோவா பல்கலைக் கழகத்தின் பயிற்சியாளராகி, தம் குழுவுக்குப் பதினைந்து முறை சாம்பியன் பட்டம் தேடித் தந்தார். வென்ற ஓவிங்ஸோ அடுத்த இரண்டாண்டுகளிலும் இறுதிப் போட்டி வரை வந்து இரண்டாமிடத்துடன் நின்றுவிட்டார். ஒரே ஒரு முறை வென்றவரின் பெயர், பல முறை வென்றவரின் பெயரோடு பிரிக்க முடியாதபடி பிணைந்துவிட்டது.

விந்தை அத்துடன் முடியவில்லை. டான் கேபிளின் மீது கொண்ட மதிப்பால் ஒரு குடும்பத்தார் தம் மகனுக்குக் கேபிள் என்றே பெயரிட்டனர். அம்மகனே கேபிள் ஸ்டீவ்சன். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 2025 மார்ச் மாதத்தில் பிலடெல்பியா நகரில் கனஎடை வகுப்பின் இறுதிப் போட்டிக்கு வந்தார். இவரை வெல்வார் இல்லை என்றே அனைவரும் எண்ணியிருந்தனர். முடிவுக்குச் சில வினாடிகளே இருக்கையில் ஓக்லஹோமா ஸ்டேட்டின் வயட் ஹெண்ட்ரிக்சன் இவரை வீழ்த்தி, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வென்றார். 55 ஆண்டுகளுக்கு முன் பெயரின் மூலவர் கண்ட முடிவையே பெயரைப் பெற்றவரும் கண்டார்!

டான் கேபிள் பயிற்சியாளராக இருந்த காலத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. 1978 முதல் 1986 வரை அயோவா பல்கலைக் கழகம் தொடர்ந்து ஒன்பது முறை முதலிடம் பெற்றது. பத்தாவது வெற்றி உறுதி என்ற நம்பிக்கையில், 1987ஆம் ஆண்டில் பத்தைக் குறிக்கும் ரோமானிய எழுத்தை உடையிலே பொறித்துக்கொண்டு அக்குழு கோதாவுக்கு வந்தது. பட்டத்தைத் தட்டிக்கொண்டு சென்றதோ அண்டை ஊர்ப் பகையாளியான அயோவா ஸ்டேட்! பிள்ளை பிறக்குமுன் பெயர் வைக்கலாகாது என்று நம் பாட்டிமார் சொல்வது எந்நாட்டுக்கும் பொருந்தும் போலும்.

தனியொருவர் வெற்றியும் குழுவின் வெற்றியும் ஒன்றல்ல என்பதற்கும் இவ்வேட்டில் சான்று உண்டு. 1988ஆம் ஆண்டில் அரிசோனா ஸ்டேட் பல்கலைக் கழகம் குழுவாக முதலிடம் பெற்றது. பத்து வகுப்புகளுக்கும் உரிய பத்து சாம்பியன்களில் அக்குழுவினர் ஒருவர்கூட இல்லை! 2001ஆம் ஆண்டில் மின்னசோட்டா பல்கலைக் கழகமும் அவ்வாறே வென்றது. அதன் பத்து மல்லர்களும் தத்தம் வகுப்பில் முதல் எட்டு இடங்களுக்குள் வந்தனர். ஒருவரும் முதலிடம் பெறவில்லை. பத்துப் பேர் தோளில் சுமந்தால் பல்லக்கு நகரும். எவரும் தனியே தூக்கியதாகச் சொல்ல முடியாது.

அதே 1988ஆம் ஆண்டின் கனஎடைச் சாம்பியன் கார்ல்டன் ஹேசல்ரிக். இவர் பயின்ற உயர்நிலைப் பள்ளியில் மற்போர்க் குழுவே கிடையாது. தனியாளாகப் போட்டியிட்டு மாநிலப் பட்டம் பெற்றவர். பின்னர் சேர்ந்ததும் இரண்டாம் நிலைக் கல்லூரிகளுள் ஒன்று. இரண்டாம் நிலைப் பந்தயத்தில் வென்றவர் முதல் நிலைப் பந்தயத்திலும் கலந்துகொள்ளலாம் என்று அந்நாளில் ஒரு விதி இருந்தது. 1987, 1988, 1989 ஆகிய மூன்றாண்டுகளிலும் ஹேசல்ரிக் இரண்டிலும் வென்று, ஆறு பட்டங்களைக் குவித்தார். பின்னர் அவ்விதி மாற்றப்பட்டுவிட்டது. ஆகவே ஆறு என்னும் அவ்வெண்ணை எட்டும் வழி மூடப்பட்டதாயிற்று. கல்லூரியில் கால்பந்து ஆடாத இவர், பின்னர் தொழில்முறைக் கால்பந்து வீரராகவும் பெயர் பெற்றார் என்பது கொசுறு.

இதுகாறும் சொன்னவை கேட்டு மகிழ்வதற்கு உரியவை. இவற்றுள் ஒரு பொதுத் தன்மையையும் காண்கிறோம். ஒவ்வொரு விந்தையின் பின்னும் ஒரு விதி நிற்கிறது. ஒவ்வொரு விதியின் பின்னும் ஒரு மனிதர் நிற்கிறார். விதிகளுள் தலையாயது எடை பற்றியது. இனி நாம் தொடக்கத்தில் போட்ட புதிருக்கு வருவோம்.

கனஎடை வகுப்புக்கு முற்காலத்தில் மேல் வரம்பே கிடையாது. 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் சாம்பியனான கிறிஸ் டெய்லர் 400 ராத்தலுக்கு மேல் எடையுள்ளவர். ஏறத்தாழ அதில் பாதி எடையுள்ள ஒருவர் அவரை எதிர்கொண்டு நிற்பதைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். அத்துணைப் பெரிய உடலைக் கொண்ட அவர் 29 வயதிலேயே காலமானார். பிற்காலத்தில் கனஎடைக்கு 275 ராத்தல் என்ற வரம்பு வந்தது.

கனஎடைக்காரருக்கு உடல் பெருத்தது இடர் என்றால், ஏனைய ஒன்பது வகுப்பினருக்கும் உடலை வற்றச் செய்வதே இடர். இளைஞர் தம் இயல்பான எடைக்குக் கீழான வகுப்பில் நுழைந்தால் எதிரி சிறியவராக இருப்பார் அன்றோ? அதற்காகப் பட்டினி கிடப்பர், நீர் அருந்தாதிருப்பர், காற்றுப் புகாத ரப்பர் உடையை அணிந்து வெப்ப அறையில் ஓடி, வியர்வையாக எடையை வெளியேற்றுவர். எடை பார்த்தபின் உண்டு பருகி மறுபடியும் தேறிக்கொள்வர். அது ஒரு வீரச் செயலாகவே கருதப்பட்டது. ஓவிங்ஸ் எடையைக் குறைத்துக்கொண்டு வந்தார் என்று சற்று முன் நாம் சொன்னபோது, நேயர்களும் அதை ஒரு துணிவாகவே எண்ணியிருப்பீர்கள்.

1997ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு மாதத்துக்குச் சற்று மிகுந்த காலத்துக்குள், மூன்று வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்த மூன்று மாணவர் இவ்வாறு எடை குறைக்கும் முயற்சியிலேயே உயிர் இழந்தனர். கோதாவில் எவரும் அவர்களை வீழ்த்தவில்லை. அவர்கள் எதிர்த்துப் போராடியது தராசு ஒன்றையே. அவர்களை அனுப்பிவைத்த பெற்றோரின் நிலையை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

நாடு அதிர்ந்தது. 1998 ஜனவரியில் சங்கம் ரப்பர் உடையையும் வெப்ப அறையையும் நீர் போக்கும் மருந்துகளையும் தடை செய்தது. முதல் நாளே எடை பார்த்துவிட்டு மறுநாள் ஆடும் வழக்கத்தை ஒழித்து, ஆட்டத்துக்குச் சற்று முன்னரே எடை பார்க்க வேண்டும் என்று ஆணையிட்டது. அத்துடன், ஒவ்வொரு வகுப்பிலும் மாணவர் ஏழு ராத்தல் கூடுதலாக இருக்கலாம் என்று அனுமதித்தது.

பழைய வகுப்புகள் இவை: 118, 126, 134, 142, 150, 158, 167, 177, 190. இவற்றோடு ஏழு ஏழாகக் கூட்டிப் பாருங்கள். 118உம் ஏழும் 125. 126உம் ஏழும் 133. 134உம் ஏழும் 141. இப்படியே 190உம் ஏழும் 197 வரை செல்லும். அடுத்த ஆண்டு முதல் இவையே நிலையான வகுப்புகள் ஆயின. கனஎடை வரம்பு 285 ஆயிற்று. உடலில் கொழுப்பு நூற்றுக்கு ஐந்து பங்குக்குக் குறையாமலும், நீர் வற்றாமலும் இருக்கையில் மாணவரைச் சோதித்து, இவ்வெடைக்குக் கீழே நீ இறங்கலாகாது என்று பருவத் தொடக்கத்திலேயே வரையறுக்கும் முறையும் வந்தது.

இதுவே புதிருக்கு விடை. அவ்வெண்கள் எந்தக் கணக்காயரும் கண்ட கணக்கு அல்ல. அந்த ஏழு ராத்தல், மூன்று இளைஞரின் நினைவு. அவர்கள் பெயர் சாம்பியன்களின் பட்டியலில் இல்லை; ஆயினும் அப்பட்டியலின் ஒவ்வொரு வரியின் தலைப்பிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வெண்களுள் முதலாவதான 125 ராத்தல் வகுப்பில் 2011ஆம் ஆண்டு வென்றவர் அந்தோனி ரோபிள்ஸ். பிறவியிலேயே வலக்கால் இல்லாதவர். பிலடெல்பியா நகரில் நடந்த இறுதிப் போட்டியில், முந்தைய ஆண்டின் சாம்பியனை ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார். அப்பருவத்தின் 36 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. ஒரு காலின் எடை இல்லாமையால் அவர் கைகளின் வலிமை அதே எடையுள்ள மற்றவரைவிட மிகுதி. ஆகவே அது அவருக்கு அனுகூலமே என்று வாதிட்டவரும் உண்டு! அவ்வாறு பேசுபவர், அவர் எத்தனை முறை விழுந்து எழுந்து அவ்வலிமையைப் பெற்றார் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. தராசு எடையைக் காட்டும், மனிதரைக் காட்டாது.

இது அயல்நாட்டுச் செய்தி, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாதபடி, 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் நம் நாட்டுக்கும் அத்தராசின் கடுமை தெரிந்தது. வினேஷ் போகட் 50 கிலோ வகுப்பில் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றபின், மறுநாள் காலையில் 100 கிராம் எடை கூடியிருந்தமையால் போட்டியிலிருந்தே விலக்கப்பட்டார். அவ்விரவு முழுதும் எடை குறைக்க அவர் பட்ட பாட்டை நாடே கேட்டுக் கலங்கியது. பதக்கம் போயிற்றே என்று வருந்தியவர் பலர். அவர் உடல் என்ன பாடுபட்டிருக்கும் என்று வருந்தியவர் சிலரே. அமெரிக்கக் கல்லூரிகள் மூன்று உயிரைக் கொடுத்துக் கற்ற பாடத்தை மற்றவர் இலவசமாகக் கற்கலாம்.

2025 ஜனவரியில் அமெரிக்கக் கல்லூரிச் சங்கம் மகளிர் மற்போரைத் தனது தொண்ணூற்றொன்றாவது சாம்பியன் பந்தயமாக ஏற்றுக்கொண்டது. கோதாவுக்குப் புதிய தலைமுறை வருகிறது. புதிய விந்தைகளும் ஏட்டில் ஏறும். வட நாட்டு அக்காடாக்களிலும் இப்போது சிறுமியர் மண் பூசிக்கொண்டு இறங்குவதைக் காண்கிறோம். நேயர்களே, உங்கள் தெருவிலோ உங்கள் வீட்டிலோ ஒரு பிள்ளை மற்போர் கற்கப் போவதாகச் சொன்னால் தடுக்க வேண்டா. எத்தனைப் பிடி கற்றாய் என்று கேளுங்கள். அதற்கு முன்னால், இன்று வயிறார உண்டாயா என்று கேளுங்கள்.